வாடாத புல்லுக்கும் வாட்டம் வேண்டும்

2023 டிசம்பர் 4, காலை ஏழு மணி இருக்கும். மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. முந்தின ராத்திரியே கரண்ட் போய்விட்டது, போனில் 11 சதவீதம்தான் சார்ஜ். மாடிப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வாசலில் எங்கள் புல் மிதக்கிறது. மூழ்கிக் கிடந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கல்யாண மண்டபத்து ஜமக்காளத்தைக் குளத்தில் விரித்துவிட்ட மாதிரி, மொத்தமாக, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் எங்கள் மணி, நாய்தான், ஏறிப் பார்த்துவிட்டு மிரண்டு திரும்பி ஓடி வந்தான்.

செயற்கைப் புல் போட்டு அப்போது எட்டே மாதம்.

எங்கள் வீடு நீலாங்கரையில், ஈ.சி.ஆருக்குக் கிழக்கே, கடற்கரையிலிருந்து முந்நூறு மீட்டருக்குள். முன்பக்கம் 30 அடிக்கு 15 அடி காலி இடம். அதில் நிஜப் புல் போட்டு இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். நர்சரியில் கொரியன் கிராஸ் என்று சதுரம் சதுரமாக வாங்கி வந்து வைத்தோம். போர் தண்ணீரில் கோடையில் உப்பு ஏறும், ஏப்ரல் வந்தால் புல் ஓரத்திலிருந்து பழுக்க ஆரம்பிக்கும், மே மாதம் கோரைதான் மிஞ்சும். குடிக்கிற தண்ணீரை லாரியில் வாங்கிக்கொண்டு புல்லுக்கு ஊற்ற மனசு வரவில்லை. மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபிறகு சமமான, வழுக்காத ஒரு தரை வேண்டும் என்றும் ஆனது. அப்படித்தான் பிளாஸ்டிக் புல் வீட்டுக்கு வந்தது. எனக்கு அதில் முழு சம்மதம் இருந்தது என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கும் இல்லை. அது வேறு கதை.

ஏப்ரல் மாதம் புல் போடுகிறவர்கள் வந்தார்கள், இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். முதலில் ஒரு லோடு செம்மண் கிராவல் கொட்டி, ரோலர் விட்டு அழுத்தினார்கள். அதன்மேல் கிரஷர் தூள், அதாவது கல் உடைக்கும்போது விழுகிற பொடி, கார்ப்பெட் மாதிரி சமமாக. அதன்மேல் களை வராமலிருக்க என்று ஒரு கருப்பு பிளாஸ்டிக் ஷீட். ஷீட்டின் மேல் புல். சுற்றிலும் சிமெண்டில் ஆறு அங்குல பார்டர், ஒரு இடைவெளிகூட இல்லாமல் அழகாகப் பூசி. தண்ணீர் எங்கே போகும் என்று நான் கேட்காமல் இல்லை. "மேடம், இது கடலோரம். கீழ பூரா மணல். எவ்வளவு ஊத்துனாலும் அரை மணி நேரத்துல இறங்கிடும்" என்றார் புல் போட வந்தவர். மாமாவும் தலையாட்டினார். அவர் இந்த மனையை வாங்கியபோது சுற்றிலும் மணல்மேடும் சவுக்குத் தோப்பும்தான். அவர் கண்ணால் பார்த்த நீலாங்கரையில் தண்ணீர் நின்றதே இல்லை.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஷீட், பார்டர் இரண்டையும் சேர்த்தால் தொட்டி. நாங்கள் காசு கொடுத்து வாசலில் ஒரு தொட்டி கட்டி, அதற்குள் புல் விரித்து வைத்திருந்தோம்.

எச்சரிக்கை முன்னாலேயே வந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. ஆகஸ்டில் சாயங்கால இடிமழை பெய்த மறுநாள் காலில் சளக் சளக் என்றது. புல் பார்க்கக் காய்ந்திருந்தது, மிதித்தால் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. நாய் ஒன்றுக்குப் போகிற மூலையில் நாற்றம். பினாயில் ஊற்றித் தேய்த்தேன், வினிகர் ஊற்றித் தேய்த்தேன், ஒரு வாரம் சரியாக இருக்கும், மறுபடி வரும். நாற்றம் புல்லில் இல்லை, அடியில் இறங்க வழியில்லாமல் தேங்கிய தண்ணீரில் இருந்தது என்று அப்போது தோன்றவில்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே புல் போட்டிருந்து இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் புல் கழுவுகிற ஷாம்பு வாங்காதீர்கள், ஓரத்தைப் பிரித்து அடியில் பாருங்கள்.

புயல் போய் நாலாம் நாள் புல்லைப் பிரித்தோம். இணைப்பு டேப்பெல்லாம் ஏற்கெனவே விட்டிருந்தது, பசை பிசுபிசுவென்று அல்வா மாதிரி. புல் நிமிர்ந்து நிற்க மேலே தூவியிருந்த மணல் பூராவும் கேட் பக்கத்து மூலையில் ஒரு குவியலாகச் சேர்ந்திருந்தது. யு ஆணிகள் எட்டு மாதத்தில் துரு ஏறி, பிடுங்கினால் பாதி கையில், பாதி மண்ணில். ஷீட்டைத் தூக்கியதும் கருப்புத் தண்ணீர், செத்த மண்புழு, சாக்கடை வாடை. மூன்று தவளைகள் மட்டும் சந்தோஷமாக இருந்தன. அந்த கிரஷர் தூள் இறுகி சிமெண்ட் தளம் மாதிரி ஆகியிருந்தது, கடப்பாரை போட்டால் ணங் என்றது.

அடுத்து செய்த ஒரு நல்ல காரியம், உடனே எதையும் செய்யாமல் இருந்தது. வீட்டுக்காரர் இன்னொரு ஆளைக் கூப்பிடலாம் என்றார். நான் ஒரு வருஷம் வாசல் எப்படியாவது கிடக்கட்டும், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வோம் என்றேன். ஒரு வருஷம் ஆகவில்லை, ஆறு மாதத்தில் ஆரம்பித்துவிட்டோம். ஆனால் அந்த ஆறு மாதம்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது.

ஜனவரியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி வந்தார். மரக்காணம் பக்கத்துக்காரர், அறுபது வயது இருக்கும், உப்பளத்துக்கு நடுவில் வளர்ந்தவர். வந்ததும் அவர் டேப்பை எடுக்கவில்லை. வாசல் நடுவில் ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு அடி ஆழம் தோண்டச் சொன்னார். இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, என் மகளின் ஸ்கூல் ஸ்கேலைச் செங்குத்தாகக் குழியில் குத்தி வைத்துவிட்டு, "டீ போடும்மா" என்றார். டீ குடித்தோம். ஊர்க்கதை பேசினோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அரை அங்குலம் இறங்கியிருந்தது. அரை அங்குலம்! கடலோர மணல்!

அப்புறம் தண்ணீரை இறைத்துவிட்டு அதே குழியை இன்னும் ஆழமாக்கச் சொன்னார். வெளியே வந்தது மண்ணே இல்லை. உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, காய்ந்த சிமெண்ட் பாளம், ஒரு பெயிண்ட் டப்பா மூடி. 2004இல் வீடு கட்டியபோது கலவை கலந்த இடம் அதுதான், மிச்சத்தையெல்லாம் அங்கேயே பரப்பி மேலே சவுடு போட்டு மூடியிருக்கிறார்கள். சரியாக ஒன்றே முக்கால் அடிக்குக் கீழே கடப்பாரை சத்தம் மாறியது, ணங் என்பது போய் சரக் என்றது. வெளுத்த மணல், கிளிஞ்சல் துணுக்கோடு. அதில் ஒரு பக்கெட் ஊற்றினோம். நான் ஸ்கேலைக் குத்துவதற்குள் தண்ணீரைக் காணோம்.

"மேலதாம்மா கெட்டி. கீழ தங்கமா இருக்குது. நடுவுல உங்க வூட்டுக் குப்பைதான் மூடி போட்டு வெச்சிருக்குது" என்றார்.

ஆக, கடற்கரைப் பக்கம் மணல்தானே என்கிற வாதம் பொய்யில்லை, பாதி உண்மை. மணல் இருக்கிறது, தண்ணீர் அதுவரை போய்ச் சேர வேண்டுமே. இந்தப் பக்கத்தில் மழைநீர் வடிகால் கட்ட வந்தபோது, மணலே தண்ணீரைக் குடித்துவிடும், நிலத்தடி நீருக்குப் போக வேண்டியதைக் கடலுக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று குடியிருப்பவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் நம் வீட்டுக் காம்பவுண்டுக்குள் அந்த மணலை எதை வைத்து மூடியிருக்கிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. புல் போடுகிற யோசனை இருந்தால் இந்தக் குழிச் சோதனையைச் செய்யாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள், ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில். எங்கள் வீட்டிலேயே கேட் பக்கத்துக் குழி பத்து நிமிஷத்தில் வற்றியது, நடுக்குழிதான் அப்படி.

அடுத்தது கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், ஸ்கூலில் படித்ததுதான். எங்கள் வாசல் 450 சதுர அடி, கிட்டத்தட்ட 42 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 4,200 லிட்டர். மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி, 93 சதுர மீட்டர். அங்கே விழுவது 9,300 லிட்டர். அந்த 9,300 லிட்டரும் எங்கே வருகிறது என்று போய்ப் பார்த்தால் மாடியிலிருந்து இறங்குகிற இரண்டு குழாயும் நேராகப் புல்லின் ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. சேர்த்தால் 13,500 லிட்டர். ஒரு தண்ணீர் லாரிக்கும் மேல். வாசலில் விழுகிற மழையைவிட இரண்டு மடங்குக்கு மேல் மாடியிலிருந்து வருகிறது, நாங்களோ புல்லில் ஓட்டை போதவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம்.

அதனால் முதல் வேலை புல்லுமில்லை, ஜல்லியுமில்லை, இரண்டு குழாயைத் திருப்பியதுதான். பின்பக்கம் பழைய உறைக்கிணறு ஒன்று இருக்கிறது. ஒரு சின்ன ஃபில்டர் தொட்டி கட்டி, மாடித் தண்ணீர் முழுவதையும் அங்கே விட்டோம். முதல் மழை அழுக்கு வெளியே போக ஒரு வால்வு. செலவில் கம்மி, பலனில் ஜாஸ்தி என்று சொல்ல இந்த மொத்த வேலையிலும் இது ஒன்றுதான்.

கிணறு என்றதும் இன்னொன்று. இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, கயிற்றில் கல்லைக் கட்டி மாதம் ஒரு தடவை கிணற்றில் விட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புயல் போன வாரம் தண்ணீர் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருந்தது. மே கடைசியில் பன்னிரண்டு அடி. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அனேகமாக இதே கதைதான். இதில் என்ன இருக்கிறது என்றால், தண்ணீர் உறிஞ்ச பத்தடிக்கு சிமெண்ட் உறை இறக்கிவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், மே மாதம் தோண்டிக் காட்டுவார்கள், உள்ளே காய்ந்த மணல், ஊற்றினால் ஊற்ற ஊற்றக் குடிக்கும். நமக்கும் சந்தோஷமாக இருக்கும். அதே குழி நவம்பரில், நமக்கு வேண்டிய நேரத்தில், அடியிலிருந்தே ஆறரை அடிக்கு நிலத்தடி நீர் நிரம்பி நிற்கும். மூன்றடி அகல உறையில் ஒரு அடி உயரத்துக்கு 200 லிட்டர்தான் பிடிக்கும். மிச்சம் மூன்றரை அடி காலி என்றால் 700 லிட்டர். வாசலில் மட்டும் விழுவது 4,200. சென்னைக்கு வருஷ மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் தோண்டி, கோடையில் ஊற்றிப் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஏமாறுவோம். கடலோரத்தில் ஆழம் உதவாது, அகலமும் நீளமும்தான் உதவும்.

தண்ணீரை ரோட்டுக்கு விடலாமே என்றால், ரோடு எங்கள் வாசலைவிட ஒன்பது அங்குலம் உயரம். பழையதைச் சுரண்டாமல் மேல் மேலே போட்டுக்கொண்டே போனதில் வீடு கட்டும்போது ரோட்டைவிட உயரமாக இருந்த வாசல் இப்போது கிண்ணமாகிவிட்டது. இதற்கு நடுவில் ஒரு பிளம்பர், கழிவுநீர் சேம்பரில் ஒரு பைப் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, யாருக்கும் தெரியாது என்று யோசனை சொன்னார். தெருவில் நாலு வீடு அப்படிச் செய்ததால்தான் பெருமழையில் எங்கள் பாத்ரூமில் சாக்கடை எதிர்த்து வருகிறது, நானும் அதையே செய்வேனா? டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஜூன் மாதம் வேலை ஆரம்பித்தோம். மேஸ்திரி போட்ட திட்டம் இதுதான். ஒன்றே முக்கால் அடிக்கும் மொத்தமாகக் குப்பையை அள்ளினால் லாரி வாடகையிலேயே நாங்கள் காலி. அதனால் வாசல் முழுக்க அரை அடி மட்டும் எடுப்பது. காம்பவுண்டு ஓரமாக முப்பது அடி நீளத்துக்கு ஒரு அடி அகலத்தில் ஒரு வாய்க்கால், அதோடு சேருகிற மாதிரி பதினைந்து அடி நீளத்தில் குறுக்கே இரண்டு. இந்த மூன்றும் மட்டும் இரண்டே கால் அடி ஆழம், அதாவது அந்தக் கெட்டி அடுக்கைக் கிழித்துக்கொண்டு மணலுக்குள் அரை அடி போக வேண்டும். மூடியை முழுசாக எடுக்க வேண்டாம், கீறிவிட்டால் போதும் என்றார். ஐந்து டிராக்டர் குப்பை வெளியே போனது, மூன்று யூனிட் ஜல்லி உள்ளே வந்தது.

இங்கேதான் வாட்டம். கொத்தனார் பாஷையில் வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. வாடாத புல் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், வாடாத புல்லுக்கும் வாட்டம் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு பக்கம் பதினைந்து அடிக்கு இரண்டு அங்குலம் இறக்கினோம். நூறுக்கு ஒன்று போதும் என்பார்கள், நாங்கள் வைத்தது கொஞ்சம் ஜாஸ்தி, கண்ணுக்கும் காலுக்கும் தெரியவில்லை. ரசமட்டத்தை நம்ப வேண்டாம், அந்தப் பலகை நீளத்துக்கு மட்டும்தான் அது உண்மை பேசும். டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்துக் குறி போட்டு, நூல் கட்டினார்கள். முக்கியமாக ஒன்று, அரை அடி பள்ளத்தின் அடித்தளத்திலேயே வாட்டம் இருக்க வேண்டும். அடி சமமாக இருந்து மேலே ஜல்லியில் மட்டும் சரிவு காட்டினால், தண்ணீர் ஜல்லி வழியாக இறங்கி அடியில் போய்த் தூங்கிவிடும்.

பள்ளத்திலும் வாய்க்காலிலும் முதலில் ஜியோ துணி. கம்பளி மாதிரி இருக்கிற, நெய்யாத வகை. அதைத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் பிடித்துப் பார்த்து வாங்கினேன், ஊற்றினால் உடனே ஒழுக வேண்டும். மணல் மேலே ஏறி ஜல்லியை அடைக்காமலும், ஜல்லி மணலுக்குள் புதையாமலும் அது பார்த்துக்கொள்ளும். களைக்கும் அதுவே போதும். பிளாஸ்டிக் ஷீட்டுக்கு வேலையே இல்லை. வாய்க்காலில் முக்கால் அங்குல ஜல்லி, கழுவியது. கழுவாத ஜல்லியில் இருக்கிற தூளே இரண்டு வருஷத்தில் அடைத்துவிடும் என்பதால் லோடு வந்ததும் பாண்டுச் சட்டியில் அள்ளிப் போட்டு ஹோஸ் அடித்துக் கழுவ வைத்தேன், சித்தாள்கள் என்னை மனசுக்குள் என்ன திட்டினார்களோ தெரியாது. நீள வாய்க்காலுக்குள் நாலு அங்குல பிவிசி குழாய், இரண்டு வரிசையாகத் துளை போட்டு.

அந்தத் துளை மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்று எனக்கும் மேஸ்திரிக்கும் அரை நாள் சண்டை. "மழை மேலேர்ந்துதானம்மா வருது" என்றார் அவர். நியாயமாகத்தான் படும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் அடியிலிருந்துதான் நிரம்பிக்கொண்டு வரும். துளை கீழ்ப்பக்கம் இருந்தால் மட்டம் ஏற ஆரம்பித்ததுமே குழாய்க்குள் போய்விடும், மேலே இருந்தால் குழாய் முழுக முழுகத்தான் உள்ளே போகும், கூடவே குப்பையும் விழும். கடிகாரத்தில் 4, 8 இருக்கிற இடத்தில் துளை வருகிற மாதிரி வைத்தோம். இதில் நான் ஜெயித்தேன். குழாயைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டக்கூடாது, வாய்க்காலைச் சுற்றித்தான் துணி என்பதும் நான் சொன்னதுதான். மற்ற எல்லாவற்றிலும் அவர்தான் ஜெயித்தார்.

குழாய் போய்ச் சேருகிற இடம் கேட் மூலையில் ஒரு சேம்பர், அடியில் சிமெண்ட் போடாமல் மணலோடு விட்டது. அதிலிருந்து வழிகிற தண்ணீர் பழைய மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கு. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது பிளான் அப்ரூவலுக்காகக் கட்டிய குழி அது, மூடியைத் திறந்தது இதுதான் முதல் தடவை. உள்ளே கட்டட மிச்சமும் ஒரு கிரிக்கெட் பந்தும். தூர் வாரியதும் நன்றாகவே குடிக்கிறது. சேம்பரில் தண்ணீர் ஏறினால் தானாக ஓடுகிற, ஃப்ளோட் வைத்த சின்ன மோட்டார் ஒன்று, ரோட்டோர வடிகாலுக்குத் தள்ள. சேம்பர் மூடிக்கு அடியில் கொசுவலை அவசியம், இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி.

வாசல் முழுக்க நாலு அங்குலம் ஜல்லி வந்தது, கீழே மூன்று அங்குலத்துக்கு அரை இன்ச் ஜல்லி, மேலே ஒரு அங்குலத்துக்கு சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி. கிரஷர் தூள் வேண்டவே வேண்டாம். புதிதாக வந்த புல் போடுகிற ஆளும் அதைத்தான் கேட்டார், மேல்பரப்பு வழவழவென்று வருமாம். வழவழவென்று வேண்டாம், ஒழுகினால் போதும் என்றேன். பார்டரில் மூன்றடிக்கு ஒரு இடைவெளி. புல்லின் மட்டம் வீட்டு பேஸ்மெண்டில் ஈரம் ஏறாமல் தடுக்கிற வரிக்கு நன்றாகக் கீழேயே நிற்க வேண்டும், அதையும் அளந்து வைத்தோம்.

அப்புறம் மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் ஜல்லியை அப்படியே விட்டேன், ஒரு நிஜ மழைக்காக. தெருவில் போகிறவர்களெல்லாம் ரயில் எப்போது வரும் என்று கேட்டார்கள். ஜூலையில் ஒரு ராத்திரி நல்ல மழை, ஒரு மணி நேரம் கொட்டியது. டார்ச்சும் குடையுமாகப் போய் நின்றேன். நடுவில் எங்கும் தண்ணீர் இல்லை, சேம்பருக்குள் மட்டும் சலசலவென்று சத்தம். கேட் பக்கத்தில் ஒரு தட்டு அளவுக்குத் தேங்கியிருந்தது, காலையில் அங்கே இரண்டு பாண்டு ஜல்லியைக் கிளறிச் சரி செய்தோம். புல் போட்டபிறகு இது தெரிந்திருந்தால் மொத்தத்தையும் பிரித்திருக்க வேண்டும்.

புல்லைப் பற்றி நீட்ட மாட்டேன். சாம்பிள் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், அடியில் துளை தெரிய வேண்டும், விலை குறைந்ததில் பாதித் துளை பசையில் அடைபட்டிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறினால் மாறட்டும். ரோல் இரண்டு மீட்டர் அகலம், அதை நீளவாக்கில் போடாமல் வாட்டம் இறங்குகிற திசையிலேயே ஐந்து துண்டாகப் போட்டோம், இணைப்பு தண்ணீருக்குக் குறுக்கே வராது. ஆணி எஸ்.எஸ். 316தான், துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை. உப்புக் காற்றில் முலாம் பூசியதெல்லாம் சும்மா. விலை கேட்டால் வயிறு எரியும், ஆனால் போன முறை துரு ஆணி ஒன்று மாமா காலில் ஏறத் தெரிந்தது. தூவுகிற மணல் கழுவிய சிலிக்கா மணல். பக்கத்தில்தானே பீச் என்று யாராவது இரண்டு மூட்டை அள்ளிவர யோசனை சொல்வார்கள். அது உப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அள்ளுவதும் தப்பு. பசை வேலையை வெயில் நாளில், பத்து மணிக்கு மேல், அடித்தரை காய்ந்தபிறகு மட்டும் செய்யவிட்டேன்.

மொத்தத்தில் புல்லுக்கு ஆனதைப்போல ஒன்றரை மடங்கு புல்லுக்குக் கீழே போனது. முதல் தடவையே செய்திருந்தால் ஒரு புல் செலவு மிச்சம்.

2024 அக்டோபர் நடுவில் பெரிய மழை என்று எச்சரிக்கை வந்து, வேளச்சேரியில் எல்லோரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்களே, அந்த மழையில் வாசலில் ஒன்றும் நிற்கவில்லை. நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்றைக்குத்தான் நிஜப் பரீட்சை. மத்தியானம் கரண்ட் போனது, கூடவே மோட்டாரும். புயலுக்காக வாங்கிய மோட்டார் புயல் அன்றைக்கு ஓடாது என்பது வாங்கும்போது ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை, அதற்கு மட்டும் தனியாக இன்வெர்ட்டர் லைன் இழுக்க வேண்டும், இன்னும் இழுக்கவில்லை. சாயங்காலம் கேட் பக்கம் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றது. கிணற்றில் எட்டிப் பார்த்தால் நாலடியில் தண்ணீர், மணலுக்கே மூச்சுத் திணறுகிற நேரம் அது. புல் அசையவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மழை விட்டதும் போய்ப் பார்த்தேன், புல் நுனி வெளியே தெரிந்தது. காலையில் மணி அதன்மேல் புரண்டுகொண்டிருந்தான். வாடையும் போயே போய்விட்டது, வாரத்துக்கு ஒரு தடவை ஹோஸ் அடித்தால் அது நேராக மணலுக்குள் போய்விடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஏப்ரல் மத்தியானம் வெறுங்காலோடு அதில் நிற்க முடியாது, பிளாஸ்டிக் அப்படிச் சுடும், தண்ணீர் தெளித்தால் பத்து நிமிஷத்துக்கு ஆறும், மறுபடி சுடும். இன்னொரு தடவை செய்வதாக இருந்தால் முழுசாகப் புல் போடாமல் காம்பவுண்டு ஓரமாக இரண்டடி மண்ணைத் திறந்து விட்டு அடம்பு மாதிரி உப்பு தாங்குகிற கொடி எதையாவது வைத்திருப்பேன், தண்ணீருக்கும் அது இன்னொரு வாய். அடுத்தது சவுக்கு. பக்கத்து மனையில் மிச்சமிருக்கிற நாலு மரத்தின் ஊசி இலை காற்றில் வந்து புல்லுக்குள் செருகிக்கொள்ளும், அதோடு கடல் மணலும் சேர்ந்தால் மேலேயே ஒரு பாய் பின்னிவிடும், தண்ணீர் துளை வரைக்கும் போகாது. ஈர்க்குத் துடைப்பத்தால் புல் வாக்குக்கு எதிராகப் பெருக்க வேண்டும், வாரம் இரண்டு தடவை.

மழைக்கு முன்னால், மழைக்கு நடுவில், மழைக்குப் பின்னால் என்று சேம்பர் மூடியை மூன்று தடவை திறந்து வாருகிறோம். அது மகளின் வேலை, தடவைக்கு இருபது ரூபாய். போன தடவை ஒரு கை சவுக்கு ஊசி, காணாமல்போன அவள் ஹேர்பேண்ட், எப்படி உள்ளே வந்தது என்று தெரியாத நகத்தளவு நண்டு ஒன்று. நண்டைக் கொண்டுபோய் பீச்சில் விடத் தனியாகப் பத்து ரூபாய் கேட்டாள், கொடுத்தேன்.